வக்கீல் பெயர் எழுதும் கட்டம்

முப்பத்தைந்து வயதில் ஒருத்தி பணிக்கால நினைவு எழுத உட்கார்ந்தால் படிப்பவர்களுக்குச் சிரிப்பு வரும். எனக்கு வயதாகவில்லை. நான் பார்த்த வேலைதான் எனக்கு முன்பே ஓய்வு பெற்றுவிட்டது.

திருநெல்வேலியில் ஓர் இலவச சட்ட உதவி அலுவலகத்தில் பதினோரு ஆண்டுகள் ஒப்பந்தக் கணினிப் பணியாளராக இருந்தேன். வக்கீல் வைக்க வசதியில்லாமல் சிறையில் இருப்பவர்களுக்கு அரசுச் செலவில் வக்கீல் கொடுப்பது அந்த அலுவலகத்தின் வேலை. அதற்கென்று வெளியே தொழில் செய்யும் வக்கீல்கள் சிலரின் பெயர்ப் பட்டியல் எங்களிடம் இருந்தது. யாருடைய முறை என்று பார்த்து நியமன ஆணை அடிப்பேன். வழக்கு முடிந்ததும் அவர்கள் தரும் பில்லைச் சரிபார்த்துப் பணம் கிடைக்க வழி செய்வேன். இப்போது அந்த முறை மாறிவிட்டது. மாதச் சம்பளத்துக்கு முழுநேர வக்கீல்களை அமர்த்தி, அவர்களுக்குத் தனி அலுவலகமும் கொடுத்துவிட்டார்கள். முறை பார்க்க வேண்டியதில்லை, பில்லும் இல்லை. என் ஒப்பந்தமும் அத்தோடு முடிந்தது.

புதிய அலுவலகத்துக்கு வந்திருக்கும் ஜெபராணியிடம் இரண்டு நாள் பொறுப்பு ஒப்படைத்தேன். கோப்புகள், கடவுச்சொற்கள், சாவிகள், அச்சு இயந்திரம் எந்தப் பக்கம் தட்டினால் வேலை செய்யும் என்பது வரை எழுதிக் கொடுத்தேன். இரண்டாம் நாள் மதியம் அவள் ஒரு தாளை எடுத்துக் காட்டினாள்.

"அக்கா, எல்லாக் கட்டமும் கம்ப்யூட்டர்ல அடிச்சிருக்கிய. இந்த ஒரு கட்டத்த மட்டும் ஏன் கையால எழுதுதிய?"

‘கைதி சொன்ன வக்கீல் பெயர்’ என்ற கட்டம் அது. அன்று பேருந்துக்கு நேரமாகிவிட்டதால், எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். எழுத உட்கார்ந்தபோது அது ஒரு பக்கத்தில் அடங்கவில்லை.

படித்தது கணினிப் பொறியியலில் டிப்ளமா. அதன்பின் ஒரு ஜவுளிக்கடையில் ஓராண்டு இருப்புக் கணக்கு பார்த்தேன். நாளிதழில் விளம்பரம் பார்த்து இந்த வேலைக்கு மனுப் போட்டேன். சட்டம் எதுவும் தெரியாது. நீதிமன்றத் தாள்களில் குற்றம் சாட்டப்பட்டவரை ‘எதிரி’ என்று எழுதுவார்கள் என்பதே சேர்ந்த பிறகுதான் தெரியும். முதல் நாள் ‘இரண்டாம் எதிரி’ என்ற சொல்லைப் பார்த்துவிட்டு, இவருக்கு எத்தனை பேரோடு பகை என்று யோசித்தேன்.

அலுவலகத்தின் தலைமை எழுத்தர் ஞானசௌந்தரி மேடம். பாளையங்கோட்டைக்காரர். அப்பா, அம்மா, சித்தி என்று வீட்டில் எல்லோரும் ஆசிரியர்கள். மேடம் எதையும் வாய்விட்டுத்தான் படிப்பார். வரிக்குக் கீழே அடிஸ்கேலை வைத்து, வானொலிச் செய்தி வாசிப்பதுபோல, முற்றுப்புள்ளியில் நிறுத்தி நிறுத்திப் படிப்பார். அலுவலகத்தில் இரகசியம் என்று ஒன்றும் இருக்காது. நியமன ஆணை மூன்று படி போகும்: வக்கீலுக்கு ஒன்று, நீதிமன்றத்துக்கு ஒன்று, சிறைக்கு ஒன்று. மூன்றையும் தனித்தனியாக மூன்று முறை படிப்பார். அச்செடுத்தது ஒரே கோப்பிலிருந்துதானே, மூன்றும் ஒன்றாகத்தானே இருக்கும் என்று ஒருமுறை கேட்டுவிட்டேன்.

"நீ அடிச்சது ஒண்ணுதான் ட்டி. நான் கையெழுத்துப் போடுதது மூணுல்லா" என்றார்.

அப்பா பெயர் இல்லாத ஆணையை அவர் தொடவே மாட்டார். "ஜெயிலுக்குள்ள எத்தன இசக்கிமுத்து இருக்கான் தெரியுமா? அப்பன் பேரு போடாம அனுப்புனா எவனாவது ஒரு இசக்கிமுத்து வந்து வக்கீலுக்கு முன்னால உக்காந்திருப்பான். அவரும் பாவம், அவனுக்கே வாதாடிட்டு வந்துருவாரு."

நான் சேர்ந்தபோது எல்லாம் பதிவேட்டில்தான் இருந்தது. நீளமான, சிவப்புத் துணி முதுகுள்ள பதிவேடு. வாரம் ஒரு சனிக்கிழமை அலுவலகத்திலிருந்து சிறைக்குப் போவோம். புதிதாக வந்த கைதிகள் எல்லோரையும் வரிசையில் உட்கார வைத்து, மேடம் ஒவ்வொருவரிடமும் பெயர், அப்பா பெயர், வழக்கு, வக்கீல் பெயர் கேட்டு எழுதுவார். காலையில் போனால் திரும்ப மூன்று மணி ஆகும். ஒருவர் வழக்கைச் சொல்லுவதற்குள் பக்கத்தில் இருப்பவர் தன் வழக்கைச் சொல்லத் தொடங்குவார். ஒருவர் அழுவார். ஒருவர் மேடத்தின் சித்தியிடம் படித்தவராக இருப்பார்.

எனக்கு அது பொறுக்கவில்லை. இரண்டு மாதத்தில் ஒரு பட்டியல் உருவாக்கினேன். யார் யார் காவலில் வைக்கப்பட்டார்கள், அவர்களில் யாருக்கு வக்காலத்துத் தாக்கலாகியிருக்கிறது என்ற விவரம் நீதிமன்றங்களிலிருந்து வந்துகொண்டுதான் இருந்தது. அதைக் கணினியில் ஏற்றி, ‘வக்கீல்’ என்ற கட்டத்தில் ‘உண்டு’ அல்லது ‘இல்லை’ என்று இரண்டே விடை வைத்தேன். ‘இல்லை’ என்றிருப்பவர்களை மட்டும் பிரித்து அச்செடுத்தால் போதும். சிறையில் அவர்களை மட்டும் கூப்பிட்டுப் பார்க்கலாம். சனிக்கிழமை வேலை ஒரு மணி நேரத்தில் முடிந்தது. எங்கள் செயலாளர் ஒரு கூட்டத்தில் என் பெயரைச் சொல்லிப் பாராட்டினார். மேடம் பதிவேட்டை அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டு, "இனிமே சனிக்கிழமையில மீன் வாங்கவாவது நேரம் கிடைக்கும்" என்றார்.

நான்கு ஆண்டுகள் அப்படியே ஓடின.

ஒரு வியாழக்கிழமை காலை, களக்காட்டுப் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்தார். பெயர் பேச்சியம்மாள். பீடி சுற்றுகிறவர் என்பது விரல் நுனியைப் பார்த்தாலே தெரிந்தது. கையில் மஞ்சள் பை.

"அம்மா, எங்க வீட்டுக்காரரு குத்தத்த ஒத்துக்கிடுதேன்னு ஒரு மனு எழுதணுமாம். அடுத்த புதங்கெழம வாய்தா. இங்கன எழுதித் தருவாகன்னு சொன்னாக."

கணவர் பெயரைக் கேட்டேன். இசக்கிமுத்து, அப்பா பெயர் சுடலைமாடன். தேடினேன். பம்புசெட் மோட்டார்களைத் திருடி மினி லாரியில் ஏற்றிய வழக்கு. முதல் எதிரி லாரியின் உரிமையாளர். இரண்டாம் எதிரி அந்த லாரியில் வாழைத்தார் ஏற்றி இறக்கும் இசக்கிமுத்து. சிறைக்கு வந்து மூன்றரை மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. வக்கீல் கட்டத்தில் ‘உண்டு’.

"உங்க வீட்டுக்காரருக்கு வக்கீல் இருக்காரே அக்கா."

"இருக்காராம்" என்றார் அவர்.

"அப்ப நாங்க எழுதக் கூடாது. அவர்கிட்டயே கேளுங்க. அவர்தான் எழுதணும்."

பையை எடுத்துக்கொண்டு, கதவு வரை போய், உள்ளே பார்த்து ஒருமுறை கும்பிட்டுவிட்டுப் போனார். நான் சொன்னதில் விதிப்படி ஒரு தவறும் இல்லை. அடுத்த தாளை எடுத்தேன்.

உள்மேசையில் மேடம் வாசித்துக்கொண்டிருந்த சத்தம் நின்றது.

"ஏட்டி கலா. அந்தப் பொம்பளகிட்ட எந்த வக்கீல்னு கேட்டியா?"

"உண்டுன்னு இருக்கு மேடம்."

"எந்த வக்கீல்னு கேட்டியான்னு கேக்கேன்."

"பட்டியல்ல பேர் இல்ல மேடம். உண்டு, இல்லை மட்டும்தான்."

"வக்கீல் இருக்கவன் பொண்டாட்டி, ஒத்துக்கிடுத மனுவ எழுதச்சொல்லி நம்ம ஆபீசுக்கு எதுக்கு வருதா? போ ட்டி, போய்க் கூட்டிட்டு வா. பஸ் ஏறிரப் போறா."

ஓடினேன். நிறுத்தத்தில் களக்காடு பேருந்து நின்றுகொண்டிருந்தது. பேச்சியம்மாள் உள்ளே ஏறி இடம் பிடித்து, பையை மடியில் வைத்து உட்கார்ந்துவிட்டார். சன்னல் வழியாகக் கூப்பிட்டேன். நடத்துநர், "எறங்குதியளா, வாரியளா? ஒண்ணச் சொல்லுங்க தாயி" என்று சத்தம் போட்டார். இறங்கினார். பயந்துபோய், "நான் எதும் தப்பாக் கேட்டுட்டனாம்மா?" என்றார்.

அலுவலகத்தில் மேடம் அவரை உட்கார வைத்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"ஒங்க வக்கீல் பேரு என்ன?"

"தெரியாதும்மா. மொதலாளி வீட்டுல வச்ச வக்கீலு. ரெண்டு பேருக்கும் சேத்து அவுகளே பாத்துக்கிடுவோம்னாக. மொதலாளி ரெண்டு வாரத்துல வெளிய வந்துட்டாக. இவுகளுக்குக் கேட்டா, அவன் ஒத்துக்கிட்டா இருந்த நாளக் கழிச்சு உடனே விட்டுருவாங்கன்னு சொல்லுதாக."

மேடம் என் பக்கம் திரும்பவே இல்லை. "முதலாளியோட ஜாமீன் மனு நகல் வேணும். நாளைக்குள்ள" என்றார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை நான் அந்த வழக்கு நடக்கும் தாலுகா நீதிமன்றத்துக்குப் போய், ஜாமீன் மனு, இசக்கிமுத்துவின் வக்காலத்து இரண்டின் நகலோடும் வந்தேன். மேடம் அடிஸ்கேலை வைத்துப் படித்தார். வழக்கமான வரிகள். மனுதாரர் குற்றமற்றவர், நிரந்தர முகவரி உள்ளவர், சாட்சிகளைக் கலைக்க மாட்டார். நான்காம் பத்தியில் ஸ்கேல் நின்றது. ‘மேற்படி வாகனத்தை மனுதாரருக்குத் தெரியாமல் இரண்டாம் எதிரியே எடுத்துச் சென்றுள்ளார்.’ அந்த வரியை மட்டும் இரண்டாம் முறை, மெதுவாகப் படித்தார். பிறகு கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் கையெழுத்தைப் பார்த்தார். இசக்கிமுத்துவின் வக்காலத்து நகலையும் எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். இரண்டிலும் ஒரே வக்கீலின் கையெழுத்து.

இசக்கிமுத்துவைக் காப்பாற்ற வேண்டிய வக்கீலே, இன்னொருவருக்காக, இசக்கிமுத்துதான் திருடினான் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். புதன்கிழமை இசக்கிமுத்து குற்றத்தை ஒப்புக்கொண்டால் அந்த வரி உண்மையாகிவிடும். முதலாளி தப்பிவிடுவார். இசக்கிமுத்து வெளியே வருவார், ஆனால் தண்டனை பெற்ற திருடனாக. அதன்பின் களக்காட்டில் எந்தத் தோட்டத்திலும் வாழைத்தாரைத் தொட விடமாட்டார்கள்.

சனிக்கிழமை சிறைக்குப் போனோம். இசக்கிமுத்து மெலிந்த ஆள், முப்பது வயது இருக்கும். நிற்கும்போதும் தோளில் பாரம் இருப்பதுபோல் ஒரு பக்கம் சாய்ந்து நின்றார்.

"வக்கீல் இருக்காரா?" என்று கேட்டேன். வேண்டுமென்றேதான் அப்படிக் கேட்டேன். நான்கு ஆண்டுகளாக என் பட்டியல் கேட்ட கேள்வி அது.

"இருக்காகம்மா" என்றார் உடனே.

"பேரு?"

அவர் காவலரைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். "செவப்பா இருப்பாக. பிடிச்சிட்டு வந்த அன்னைக்குக் கோர்ட்டு வராந்தால வச்சு ஒரு தாள்ல கையெழுத்து வாங்குனாக. பொறவு நான் பாக்கல."

மேடம் நான்காம் பத்தியை அவருக்குப் படித்துக் காட்டினார். வானொலிக் குரலில் இல்லை, பையப் படித்தார். இசக்கிமுத்து அந்தத் தாளை எட்டிப் பார்த்தார். பிறகு, "மொதலாளி அப்பிடிச் சொல்ல மாட்டாகளே. வண்டிச் சாவியே அவுக இடுப்புலதான இருக்கும்" என்றார். அவருக்குக் கோபம்கூட வரவில்லை. தவறாக எழுதிவிட்டார்கள், திருத்தச் சொல்ல வேண்டும் என்பதுபோலப் பேசினார்.

இலவச வக்கீல் வேண்டும் என்று அவர் சிறை வழியாக நீதிமன்றத்துக்கு மனு எழுதலாம் என்று சொன்னோம். சிறையில் இருப்பவருக்கு வருமானச் சான்று எதுவும் தேவையில்லை, கேட்டால் போதும். அவர் தயங்கினார். "ஒத்துக்கிட்டா சீக்கிரம் போயிரலாம்லாம்மா?"

"போயிரலாம்" என்றார் மேடம். "அது நெசந்தான். யோசிச்சுச் சொல்லும்."

மனுவில் கையெழுத்துப் போட்டார். முடிவை மட்டும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை காலை எனக்கு இரண்டு வேலைகள் இருந்தன. ஏற்கெனவே வக்காலத்து இருக்கும் வழக்கில் புது வக்கீல் நுழைய வேண்டுமென்றால், பழைய வக்கீல் ஆட்சேபணை இல்லை என்று எழுதித் தருவது வழக்கம். அவரைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். அவர் கத்தவில்லை. "நான் அவனுக்குச் சும்மாதாம்மா நிக்கேன், ஒத்தப் பைசா வாங்கல. புதன்கிழமை ஒத்துக்கிட்டா அன்னைக்கே பொண்டாட்டி புள்ளயோட சோறு தின்பான். நீங்க புகுந்தா இன்னும் ரெண்டு வருசம் இழுக்கும். நல்லது செய்யுததா நெனச்சு அவனுக்குக் கெடுதல் செய்யாதீங்க" என்றார். ஆட்சேபணை இல்லை என்று எழுதித் தருவீர்களா என்று மறுபடி கேட்டேன். அடுத்த வாரம் பார்ப்போம் என்று வைத்துவிட்டார். அவர் சொன்னதில் இரண்டு வருடம் என்பது உண்மை என்று எனக்குத் தெரியும். அதனால்தான் அது அன்று முழுவதும் காதில் இருந்தது.

இரண்டாவது வேலை வக்கீல் பிடிப்பது. வக்கீல்கள் பட்டியலில் அடுத்த முறை வேறொருவருடையது. அவருக்குப் புதன்கிழமை வேறு நீதிமன்றத்தில் குறுக்கு விசாரணை. புதன்தோறும் அந்தத் தாலுகா நீதிமன்றத்துக்குப் போகிறவர் பீர் முகம்மது வக்கீல் ஒருவர்தான். மேலப்பாளையம்காரர், ஐம்பது வயதைத் தாண்டியவர். எனக்கும் அவருக்கும் ஆகாது. நாங்கள் பணம் தரும் முறையில், நீதிமன்றத்தில் எந்தெந்த நாள் நின்றார் என்பதற்கு முத்திரையோடு வருகைச் சான்று வேண்டும். அவர் டீக்கடைத் தாளின் பின்பக்கத்தில் தேதிகளை எழுதிக் கொண்டுவருவார். அவருடைய ஒரே பில்லை மூன்று முறை திருப்பி அனுப்பியிருக்கிறேன். மூன்றாம் முறை, எண்ணில் எழுதியதும் எழுத்தில் எழுதியதும் ஒத்துப்போகவில்லை.

வண்ணார்பேட்டையில் இருந்த அவர் அலுவலகத்துக்கு நேரிலேயே போனேன். என்னைப் பார்த்ததும் கட்சிக்காரர்கள் முன்னாலேயே ஆரம்பித்துவிட்டார்.

"வாங்கம்மா வாங்க. வே, எல்லாரும் பாத்துக்கிடுங்க. கொலைக் கேசுல விடுதலை வாங்கிருவேன், இந்தப் புள்ளகிட்ட ஒரு பில்லு பாஸ் வாங்க முடியல. இப்ப எதத் திருப்ப வந்திருக்கிய?"

விஷயத்தைச் சொன்னேன். நான்காம் பத்தியைக் காட்டினேன். அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிப் படித்தார். கேலி நின்றுவிட்டது.

"என் முறை இல்லையே?"

"இல்ல சார். செயலாளர்கிட்ட ஒப்புதல் வாங்கிட்டேன்."

"நாளைக்கு ஜெயில்ல பாத்துருதேன். அவன் ஒத்துக்கிடணும்னு சொன்னா நான் மறிக்க மாட்டேன். ரெண்டு பக்கமும் சொல்லுவேன், அம்புட்டுத்தான். புதன்கிழம நிக்கேன், இன்ஷா அல்லாஹ்." நான் எழுந்தபோது, "வருகைச் சான்றுல முத்திரை வாங்கணும்லா? அதயும் மறக்க மாட்டேன்" என்றார்.

புதன்கிழமை, நியமன ஆணையை நீதிமன்றத்தில் நேரிலேயே கொடுக்க நான் போனேன். தபாலை நம்ப நேரமில்லை. முதலாளி வெள்ளைச் சட்டையில் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். பேச்சியம்மாள் தூணோரம் நின்றார். இசக்கிமுத்துவைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அவர் முதலில் முதலாளியைப் பார்த்து வணக்கம் வைத்தார். முதலாளி கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெயர் கூப்பிட்டதும் இரண்டு வக்கீல்களும் எழுந்தார்கள். முதலாளி வைத்த வக்கீல், தம் கட்சிக்காரர் குற்றத்தை ஒப்புக்கொள்ள விரும்புவதாகச் சொன்னார். பீர் முகம்மது, சிறையிலிருந்து வந்த மனுவையும் நியமன ஆணையையும் காட்டினார். ஜாமீன் மனுவின் நான்காம் பத்தியைப் பார்க்கும்படி கேட்டுக்கொண்டார். நீதிபதி பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு நேரே இசக்கிமுத்துவைக் கேட்டார்.

"உனக்கு எந்த வக்கீல் வேணும்? பயப்படாமச் சொல்லு."

இசக்கிமுத்து பின்வரிசையைப் பார்த்தார். முதலாளி இப்போது தலையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த லாரி இல்லையென்றால் இசக்கிமுத்துவுக்கு வேலை இல்லை. வீட்டுக்குப் போக வேண்டும் என்றால் ஒரு சொல் போதும், அது அவருக்குத் தெரியும். சுவரில் இருந்த கடிகாரத்தை நான் பார்த்தேன். அது ஓடவில்லை.

"நேத்து வந்து பாத்தாகள்லா" என்றார் கடைசியில். "அந்த வக்கீலு."

"பேரு?"

அவர் விழித்தார். "பேரு... மேலப்பாளையத்துக்காரவுக." நீதிமன்றத்தில் சிரிப்பு எழுந்தது. முதலில் சிரித்தவர் பீர் முகம்மது.

"நீ குற்றத்தை ஒத்துக்கிறியா?"

"நான் தார் ஏத்துதவன் ஐயா. மோட்டார எடுக்கல."

அவ்வளவுதான். எட்டு நிமிடம்கூட ஆகியிருக்காது.

ஜாமீன் மறுவாரம் கிடைத்தது. இரண்டு பேர் பிணை நிற்க வேண்டும் என்றார்கள். ஆள் கிடைக்கவில்லை. அதை மாற்றச் சொல்லி மறுபடி மனு, மறுபடி வாய்தா. சொந்தப் பிணையில் அவர் வெளியே வந்தபோது அந்தப் புதன்கிழமைக்குப் பிறகு இருபத்தொரு நாள் ஆகியிருந்தது. ஒப்புக்கொண்டிருந்தால் இந்த இருபத்தொரு நாளும் அவர் வீட்டில் இருந்திருப்பார். இதையும் நான் குறித்து வைத்திருக்கிறேன்.

அதைவிடப் பெரிய கணக்கு ஒன்று உண்டு. என் பட்டியலில் அவர் பெயருக்கு நேரே ‘உண்டு’ என்று ஏறிய நாளிலிருந்து பேச்சியம்மாள் வந்த நாள் வரை நூற்றுப் பன்னிரண்டு நாள். அந்த நாட்களில் பதினாறு சனிக்கிழமைகள் நாங்கள் சிறைக்குப் போயிருக்கிறோம். இசக்கிமுத்து இருந்த கட்டடத்தின் வாசலில் உட்கார்ந்து ஒரு மணி நேரத்தில் வேலையை முடித்துக்கொண்டு, நேரம் மிச்சம் என்று திரும்பியிருக்கிறோம்.

அந்தப் புதன்கிழமையை அடுத்த சனிக்கிழமை, ‘உண்டு’ என்று இருந்தவர்கள் எல்லோரையும் கூப்பிட்டோம். ஒவ்வொருவரிடமும் வக்கீல் பெயர் கேட்டோம். ஒன்பது பேரால் சொல்ல முடியவில்லை. அவர்களில் மூன்று பேருக்கு உண்மையாகவே நல்ல வக்கீல் இருந்தார், பெயர்தான் மறந்துவிட்டது. மற்ற ஆறு பேருக்கு நியமன ஆணை அடித்தேன். அன்று திரும்ப நான்கு மணி ஆகிவிட்டது. வரும் வழியில் மேடத்திடம் கேட்டேன்.

"பழைய பதிவேட்டுல நீங்க ஏன் வக்கீல் இருக்கான்னு கேக்காம, பேரு என்னன்னு கேட்டீங்க மேடம்? இப்படி நடக்கும்னு தெரியுமா?"

"எனக்கு என்ன தெரியும்? அந்த ரிஜிஸ்தர்ல வக்கீல் பேருன்னு கட்டம் இருந்துச்சு. கட்டம் இருந்தா நெரப்பணும்லா, அதான் கேட்டேன்." கொஞ்ச தூரம் போன பிறகு, "ஒன் பட்டியல் வந்ததும் வேல கொறஞ்சதுன்னு நானும் சந்தோசமாத்தான் இருந்தேன். ஒன்ன மட்டும் சொல்லதுக்கில்ல" என்றார்.

அந்தக் கட்டத்தைத் திரும்பக் கொண்டுவந்தேன். கணினியில் வைத்தால் நீதிமன்றத்திலிருந்து வரும் பெயரை எடுத்து அதுவே நிரப்பிக்கொள்ளும். அதற்காகத்தான் அச்செடுத்த தாளில் காலியாக விட்டு, கைதி வாயால் சொல்வதைக் கையால் எழுதுகிறோம். சொல்லத் தெரியவில்லை என்றால் கோடு போடுகிறோம். கோடு விழுந்தவரின் வழக்குத் தாளைத் திங்கட்கிழமை எடுத்துப் பார்க்கிறோம். ஜெபராணி, நீ கேட்ட கேள்விக்கு விடை இதுதான்.

வழக்கு இரண்டு ஆண்டுகள் நடந்தது. மோட்டார்களை அடையாளம் காட்ட வந்தவர்களால் எது யாருடையது என்று சொல்ல முடியவில்லை. முதலாளி, இசக்கிமுத்து இரண்டு பேருக்கும் விடுதலை. நான்காம் பத்தி யாருக்கும் பயன்படவில்லை. பீர் முகம்மது பில் கொண்டுவந்தார். பதினேழு வாய்தாவுக்கும் வருகைச் சான்று, எல்லாவற்றிலும் முத்திரை. என் மேசையில் வைத்துவிட்டு, "திருப்புங்க பாப்போம்" என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியவில்லை.

தீர்ப்பு நகல் வாங்க இசக்கிமுத்து வந்தார். இப்போது வேறொருவர் லாரியில் தார் ஏற்றுவதாகச் சொன்னார். விவரத்தை நிரப்ப வழக்கம்போலக் கேட்டேன்.

"வக்கீல் பேரு?"

"பீர் முகம்மது" என்றார் பட்டென்று. "அவுக வாப்பா பேரு மைதீன் பிச்சை."

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"நீங்க எல்லாத்துக்கும் அப்பன் பேரு கேப்பியள்லாம்மா. அதான் அவுககிட்ட முன்னாடியே கேட்டு வச்சுக்கிட்டேன்."

மேடம் ஓய்வு பெற்று ஆண்டுகள் ஆகிவிட்டன. புதிய அலுவலகத்துக்கு வந்திருக்கும் மென்பொருளில் ‘வக்கீல் உண்டா? ஆம் / இல்லை’ என்றுதான் இருக்கிறது. மாற்றச் சொல்லி எழுதினேன். பரிசீலிப்பதாகப் பதில் வந்திருக்கிறது. அதுவரை தாளில் அந்தக் கட்டத்தைக் கையாலேயே கோடு கிழித்துக்கொள்ளச் சொல்லி ஜெபராணியிடம் என் அடிஸ்கேலைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

போன சனிக்கிழமை அவளுடைய முதல் சிறை நாள். மாலை நாலரைக்குக் கூப்பிட்டாள். சோர்ந்த குரல்.

"அக்கா, ஒரு மணி நேர வேலைன்னு சொன்னாங்க. இப்பத்தான் வெளிய வாரேன்."

"எத்தன கோடு?"

"நாலு."

"அப்பா பேரு எழுதுனியா?"

"நாலு பேருக்கும் எழுதிட்டேன்க்கா. அதுல ரெண்டு பேரு இசக்கிமுத்து."